பெண்கள் எந்தப் படியில் நின்றுவிடுகிறார்கள்? தொழில்நுட்பக் கூட்டம் நடத்துவோர் கவனிக்க வேண்டியவை

2006ஆம் ஆண்டு கூகுளின் கோடைகால நிரல் திட்டத்தில் குனோம் என்ற கட்டற்ற மென்பொருள் (நிரலை எவரும் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருள்) குழுவுக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் ஒன்றுகூடப் பெண்ணிடமிருந்து வரவில்லை. அதே கோடையில் குனோம் பெண்களுக்கென்று ஒரு திட்டத்தை அறிவித்தது. நிரல் எழுதும் வேலையும் வழிகாட்டும் மூத்தவரும் ஊக்கத்தொகையும் அதிலும் உண்டு. அதற்கு 100 பேர் விண்ணப்பித்தார்கள், 6 பேரை எடுத்தார்கள். 2010இல் மீண்டும் தொடங்கிய அந்தத் திட்டம் இன்று அவுட்ரீச்சி என்ற பெயரில், பெண்களோடு வாய்ப்புக் குறைந்த வேறு பலருக்காகவும் நடக்கிறது.

முதல் அறிவிப்பைப் பார்த்து விலகியிருந்தவர்கள் இரண்டாவது அறிவிப்புக்கு வந்தார்கள் என்றால், வேறுபாடு பெண்களின் ஆர்வத்தில் இல்லை. "உங்களைத்தான் கூப்பிடுகிறோம்" என்று இரண்டாவது அறிவிப்பு வெளிப்படையாகச் சொன்னது, அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்த ஃப்ளாஸ்போல்ஸ் ஆய்வும் அதே 2006இல்தான் வெளியானது. வணிக மென்பொருள் துறையில் பெண்கள் ஏறத்தாழ 28 விழுக்காடு, கட்டற்ற மென்பொருள் குழுக்களில் 1.5 விழுக்காடு என்றது அது. தொழிலும் திறமையும் ஒன்றாகவே இருக்க, கூடும் இடம் மட்டும் மாறும்போது எண்ணிக்கை இப்படிச் சரிகிறது.

தமிழ்நாட்டில் "பெண்களுக்கு ஆர்வம் இல்லை" என்று சொல்வது இன்னும் கடினம். நம் பொறியியல் கல்லூரிகளின் கணினி அறிவியல் வகுப்புகளில் மாணவிகளுக்குப் பஞ்சமே இல்லை. இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பெண் என்பது அத்துறை நிறுவனங்களின் சங்கமான நாஸ்காமின் கணக்கு. ஆனாலும் நாற்பது பேர் கூடும் சனிக்கிழமைக் கூட்டத்தில் மூன்று நான்கு பெண்கள் மட்டும் கடைசி வரிசையில் ஒன்றாக உட்கார்ந்திருப்பது பல ஊர்களில் வழக்கமான காட்சி. வகுப்பறைக்கும் கூட்ட அரங்குக்கும் நடுவே எதுவோ அவர்களை நிறுத்துகிறது. அது எது என்று கண்டுபிடிக்காமல் சுவரொட்டியில் ஒரு பெண்ணின் படத்தைப் போடுவதால் எதுவும் மாறாது.

முதலில் எண்ணுங்கள்

ஒரு கூட்டத்துக்குள் வருபவர் ஆறு படிகளைக் கடக்கிறார்: கூட்டம் நடப்பதை அறிவது, பதிவு செய்வது, நேரில் வருவது, அங்கே வாய் திறப்பது, அடுத்த முறையும் வருவது, பொறுப்பை ஏற்பது. பெரும்பாலான குழுக்கள் மூன்றாவது படியில் மட்டும் தலை எண்ணுகின்றன. அந்த ஒரு எண்ணை வைத்து நோய் எது என்று சொல்ல முடியாது.

தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு ஆறு படிகளிலும் எண்ணிப் பாருங்கள். பதிவிலேயே பெண்கள் குறைவு என்றால் செய்தி அவர்களிடம் போய்ச் சேரவில்லை, அல்லது அறிவிப்பே தள்ளி நிறுத்துகிறது. பதிவு செய்தவர்களில் பாதிப்பேர் வரவில்லை என்றால் நேரம், இடம், வீட்டு அனுமதி ஆகிய மூன்றில் ஒன்று. வந்தவர்கள் மறுமுறை வரவில்லை என்றால் அரங்குக்குள் நடந்தது காரணம். வருடக்கணக்கில் வந்தும் பேசவில்லை, பொறுப்பு எடுக்கவில்லை என்றால் யாரும் அவர்களைக் கேட்கவில்லை. நான்குக்கும் மருந்து வேறு வேறு. பதிவுப் படிவத்தில் பாலினக் கேள்வி கட்டாயமாக இருக்கக்கூடாது, "சொல்ல விரும்பவில்லை" என்ற பதிலும் இருக்க வேண்டும். பெயரைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். பூங்குழலி என்றால் தெரியும், தமிழ் என்றோ கிரண் என்றோ பெயர் இருந்தால் என்ன செய்வது?

நேரம், இடம், வீட்டார்

வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்து ஏற்பாடு செய்பவர்கள் தவறவிடுவது இந்தப் பகுதியைத்தான். அங்கே பெரிய கவலை மதுவிருந்து. இங்கே பெரிய கவலை விடுதிக் கதவு.

கல்லூரி மாணவியர் விடுதிகள் பலவற்றில் மாலை ஆறு, ஆறரைக்குள் திரும்பியாக வேண்டும். மாணவர் விடுதியில் அதே கல்லூரியே ஒன்பது மணி வரை விடும். கூட்டம் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி 6 மணிக்கு முடிந்தால், விடுதி மாணவி நாலரை மணிக்கே எழுந்து போக வேண்டும். முக்கியமான பேச்சும் அதன் பிறகான அரட்டையும் அவளுக்குக் கிடைக்காது. பழக்கம் உண்டாவதோ அந்த அரட்டையில்தான். ஆகவே காலை 10 மணிக்குத் தொடங்கி, பிற்பகல் 3.30க்கு அரங்கை முடித்து, 4.30 வரை தேநீருக்கும் பேச்சுக்கும் விடுங்கள். நிகழ்ச்சி நிரலில் அந்த ஒரு மணி நேரத்தை அச்சிடுங்கள். முடியும் நேரத்தை எழுதிவிட்டால் அதைத் தாண்டாதீர்கள். சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தால் அவர் பேச்சைச் சுருக்குவதே முறை. ஒருமுறை முக்கால் மணி நேரம் தாமதமானால், வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்களுக்கு அடுத்த முறை அனுமதி கிடைக்காது.

எந்த நாள் என்பதற்கு எல்லாருக்கும் பொருந்தும் விடை கிடையாது. திருமணமாகிக் குழந்தை உள்ளவர்களுக்கு ஞாயிறுதான் வாரத்திலேயே கடினமான நாள். கறிச் சமையல், துவைக்க வேண்டிய துணி, வரும் உறவினர்கள், திங்கட்கிழமைக்கான பள்ளி வேலை எல்லாம் அன்றுதான். சனிக்கிழமை முற்பகல் பலருக்கு எளிது, ஆனால் சில கல்லூரிகளுக்குச் சனி வேலைநாள். இணையவழிக் கூட்டத்தை இரவு 8 மணிக்கு வைக்கும் வழக்கமும் பரவியிருக்கிறது. அது சாப்பாட்டு நேரம், பிள்ளைகளின் வீட்டுப்பாட நேரம். ஆண்கள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார, பெண்கள் மைக்கை அணைத்துவிட்டு அடுப்படியிலிருந்து கேட்பார்கள். கேள்வி கேட்க முடியாது. இரவு 9.30 அல்லது சனிக்கிழமை காலை 11 என்று இரண்டு நேரங்களைக் கொடுத்து, பதிவு செய்த பெண்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, நகரப் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து அரங்குக்கு நடக்கும் தூரம் ஐந்து நிமிடத்துக்குள் இருக்கட்டும். 2021 முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பேருந்து போகும் இடத்தில் கூட்டம் வைத்தால் பல மாணவிகளுக்கு வழிச்செலவே கிடையாது. மாறாக, நெடுஞ்சாலையோரத் தொழில்நுட்பப் பூங்காவில் வைத்தால் போகவர ஆட்டோவுக்கே சில நூறு ரூபாய் ஆகும், திரும்பும் வழியில் இருட்டும் சேரும். அரங்கு இலவசமாகக் கிடைத்தது என்று பலர் அங்கே போகிறார்கள். அந்த இலவசத்தின் விலையை வர முடியாதவர்கள் கொடுக்கிறார்கள்.

அறிவிப்புப் பக்கத்தில் இருக்க வேண்டியவை: முழு முகவரி, பக்கத்தில் எல்லாரும் அறிந்த அடையாளம், பேருந்து எண்கள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், நடத்துபவர்களின் பெயர், பேசக்கூடிய ஒரு பெண் ஒருங்கிணைப்பாளரின் பெயர், அழைக்க ஒரு எண். இதைப் படிக்கப்போவது பதிவு செய்பவர் மட்டுமல்ல. "எங்க நடக்குது, யார் நடத்துறா, எத்தனை பொண்ணுங்க வர்றாங்க, எத்தனை மணிக்கு வருவ?" என்று கேட்கும் அம்மாவும் அப்பாவும்தான் இதன் உண்மையான வாசகர்கள். அந்த நான்கு கேள்விகளுக்கும் பக்கத்திலேயே பதில் இருந்தால் அந்தப் பெண் வீட்டில் வாதாட வேண்டியதில்லை. மாணவிகளுக்கு ஓ.டி. கடிதம் (வகுப்புக்கு வராததை வருகையாகவே கணக்கிடக் கல்லூரியில் கொடுக்கும் கடிதம்) வேண்டும். குழுவின் பெயர், தேதி, நேரம், ஒருங்கிணைப்பாளர் கையெழுத்துடன் முன்கூட்டியே ஒரு மாதிரிக் கடிதம் தயாரித்து, கேட்ட அன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள். கூட்டத்துக்கு முந்தைய நாள் அனுப்பினால் துறைத்தலைவரின் கையெழுத்து கிடைக்காது.

அண்ணனோ அப்பாவோ துணைக்கு வந்தால் அவருக்கும் ஒரு நாற்காலியும் தேநீரும் கொடுங்கள். அரங்குக்குள் உட்கார்ந்து நடப்பதைப் பார்த்தவர் அடுத்த முறை வாசலோடு விட்டுப் போய்விடுவார். பதிவுப் படிவத்தில் "தோழியுடன் வருகிறேன்" என்ற தேர்வையும் வையுங்கள். யாரையும் தெரியாத அரங்குக்குள் தனியாக நுழைவதைவிட இரண்டு பேராக நுழைவது எத்தனையோ மடங்கு எளிது.

கழிப்பறையைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, அதே கிழமையில், குழுவில் உள்ள ஒரு பெண் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வாரநாளில் திறந்திருக்கும் பெண்கள் கழிப்பறை சனிக்கிழமை பூட்டியிருக்கும், சாவி காவலாளியிடம் இருக்கும், அவர் சாப்பிடப் போயிருப்பார். இது விடுமுறை நாளில் கல்லூரி அரங்கை வாங்கியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. தாழ்ப்பாள், விளக்கு, தண்ணீர், மூடியுள்ள குப்பைத்தொட்டி, மாட்டக் கொக்கி, இந்த ஐந்தையும் பாருங்கள். இரண்டு அளவுகளில் நாப்கின் பாக்கெட்டுகளை உள்ளேயே வையுங்கள். பதிவு மேசையில் வைத்துக்கொண்டு "கேட்டால் தருவோம்" என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். கைக்குழந்தையுடன் வருபவருக்குத் தாழிடக்கூடிய ஒரு சிறு அறை, முதுகு சாய்ந்து உட்காரும் நாற்காலி, மின்விசிறி போதும். குழந்தை காப்பகம் இருக்கிறது என்று அறிவிப்பதாக இருந்தால், அதில் பயிற்சி பெற்றவரும் தனி அறையும் இருந்தாக வேண்டும். தன்னார்வ மாணவி ஒருத்தியிடம் நாலு குழந்தைகளைக் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கேட்கப் போவது காப்பகம் ஆகாது. அது முடியாவிட்டால் "குழந்தையோடு அரங்குக்குள் வரலாம், அழுதால் யாரும் முகம் சுளிக்கமாட்டோம்" என்று எழுதுங்கள். அதுவே பலருக்குப் போதும்.

தொலைபேசி எண்

"நல்லபடியாக நடந்த" பல கூட்டங்கள் பெண்களை இழப்பது கூட்டம் முடிந்த பிறகு. பதிவு செய்த எல்லாரையும் ஒரே வாட்ஸப் குழுவில் சேர்க்கிறார்கள். அன்று இரவே முன்பின் தெரியாத எண்களிலிருந்து "ஹாய்", "சாப்டீங்களா", "உங்க கேள்வி சூப்பர்" என்று வர ஆரம்பிக்கும். அந்தப் பெண் சத்தமில்லாமல் குழுவைவிட்டு வெளியேறுவார். ஏன் போனார் என்று யாருக்கும் தெரியாது.

அறிவிப்புகளுக்கு வாட்ஸப் சேனலைப் பயன்படுத்துங்கள், அதில் பின்தொடர்பவரின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது. உரையாடலுக்கு டெலிகிராம் போன்றவற்றைப் பயன்படுத்தி, எண்ணை மறைக்கும் அமைப்பைப் படத்துடன் விளக்கி முதல் செய்தியிலேயே பொருத்திவையுங்கள். வருகைத் தாளில் பெயருக்குப் பக்கத்தில் எண் எழுதும் பத்தி வேண்டவே வேண்டாம். அந்தத் தாள் கை மாறும்போது யாரும் படமெடுக்கலாம். பதிவுப் பட்டியலைத் திறக்கும் உரிமை இரண்டு பேருக்கு மட்டும் இருக்கட்டும். பணம் கொடுத்த நிறுவனத்துக்கும் அதைக் கொடுக்காதீர்கள்.

புகைப்படமும் இதே வகைதான். படமெடுக்கலாம் என்பவருக்கு ஒரு நிறக் கழுத்துப்பட்டி, வேண்டாம் என்பவருக்கு வேறு நிறம். கூடவே அரங்கின் ஒரு பக்கம் இரண்டு வரிசைகளை எப்போதும் படச்சட்டத்துக்கு வெளியே வைத்திருங்கள். வீட்டில் சொல்லாமல் வந்தவர், விவாகரத்து வழக்கில் இருப்பவர், விடுப்பு எடுத்து வந்தவர் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். விளக்கம் கேட்கக்கூடாது.

மேடை யாருடையது

வட அமெரிக்காவில் நடக்கும் பைத்தான் நிரல்மொழி மாநாடான பைகானில் பெண்கள் கொடுத்த உரைகள் 2011இல் 1 விழுக்காடு. 2012இல் 7, 2013இல் 15, 2014இலும் 2015இலும் 33, 2016இல் 40. மாநாட்டின் பன்முகத்தன்மைப் பொறுப்பில் இருந்த ஜெசிகா மெக்கெல்லர் வெளியிட்ட கணக்கு இது. ஐந்தே ஆண்டில் இந்த மாற்றம் வந்ததற்கு முக்கியக் காரணம், பேசக்கூடிய பெண்களை ஒவ்வொருவராகத் தேடி நேரடியாகக் கேட்டதுதான்.

பெயரை மறைத்துத் தேர்ந்தெடுத்தால் போதும் என்று நம்புகிறவர்கள் இரண்டு மாநாடுகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெர்லினில் நடந்த ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழி மாநாடான ஜேஎஸ்கான்ஃப் ஐரோப்பா 2012இல் பெயரை மறைத்தே தேர்ந்தெடுத்தது. ஆனால் அதற்கு முன்பே பெண்களுக்குத் தனித்தனியாக எழுதி விண்ணப்பிக்கச் சொன்னது. பேச்சாளர்களில் 25 விழுக்காடு பெண்கள் வந்தார்கள். 2017இல் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் நடத்தவிருந்த எலக்ட்ரான்கான்ஃப் மாநாட்டிலும் பெயரை மறைத்தே தேர்ந்தெடுத்தார்கள். தேர்வானவர்கள் எல்லாரும் ஆண்கள், மாநாடே தள்ளிவைக்கப்பட்டது. பெயரை மறைப்பது தேர்வில் வரும் சார்பைக் குறைக்கும். விண்ணப்பிக்காதவரை அது கொண்டுவராது.

கேட்பதற்கும் முறை உண்டு. "பெண்கள் யாராவது பேச வாருங்கள்" என்று குழுவில் போடுவது யாரிடமும் கேட்காததற்குச் சமம். பெயர் சொல்லி, பொருளையும் சொல்லிக் கேளுங்கள்: "போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை நிறுத்தாமல் மாற்றியது பற்றி எழுதியிருந்தீர்கள், அதையே 20 நிமிடம் பேச முடியுமா? மாதிரி விண்ணப்பம் ஒன்றை இணைத்திருக்கிறேன், எழுதி அனுப்பினால் பார்த்துச் சொல்கிறோம்." நான்கு பேர் வேண்டுமானால் பத்துப் பன்னிரண்டு பேருக்காவது எழுத வேண்டியிருக்கும். "எனக்கு அவ்வளவு தெரியாதுங்க" என்ற பதில் நிச்சயம் வரும். அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாமல், அவர் செய்த வேலையில் எந்தப் பகுதி பேச்சாகும் என்று நீங்களே சுட்டிக்காட்டுங்கள். அப்போதும் முடியாது என்றால் அடுத்த மாதம் கேட்கலாமா என்றும், வேறு யாரைச் சொல்வீர்கள் என்றும் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வியிலிருந்துதான் உங்கள் பட்டியல் வளரும். கூட்டத்துக்கு எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள். இரண்டு வாரத்தில் கேட்டால் ஏற்கெனவே ஐந்து முறை பேசியவர்தான் ஒப்புக்கொள்வார்.

வெளியூர்ப் பேச்சாளருக்கு டிக்கெட்டை நீங்களே எடுத்துக் கொடுங்கள். "செலவு செய்யுங்கள், பிறகு தருகிறோம்" என்றால் வீட்டில் பணம் கேட்க வேண்டிய நிலையில் இருப்பவர் வரமாட்டார். ஒருமுறை இணையவழி ஒத்திகை வையுங்கள். ஒலிவாங்கி விஷயத்தையும் மறந்துவிடாதீர்கள். காலர் மைக்கின் மின்கலப் பெட்டியைச் செருக இடுப்பு வாரோ பையோ வேண்டும். புடவையிலும் சுடிதாரிலும் அது பெரும்பாலும் இருக்காது. மேடையேறும் நேரத்தில் ஒலிபெருக்கிக்காரர் வந்து மாட்ட இடம் தேடுவது எவருக்கும் சங்கடம். கை மைக்கும் தாங்கியும் தயாராக இருந்தால் அந்தச் சங்கடமே வராது.

ஒரு வழக்கத்தை நிறுத்தியே ஆக வேண்டும். வாசலில் பட்டுப்புடவையில் மாணவிகள் பன்னீர் தெளிக்க, சந்தனமும் கற்கண்டும் நீட்ட, ஒருத்தி தொகுத்து வழங்க, இன்னொருத்தி பூங்கொத்துத் தட்டை ஏந்தி நிற்க, பேசுபவர்கள் எல்லாரும் ஆண்கள். அந்த மாணவிகள் கணினி படிக்கிறவர்கள். அன்றைய பேச்சில் ஒரு வரிகூட அவர்கள் கேட்டிருக்கமாட்டார்கள். மகளிர் தினத்துக்கு மட்டும் பெண்களை அழைத்து "துறையில் பெண்களின் சவால்கள்" பற்றிப் பேசவைப்பதும் இதே வகைதான். தரவுத்தளம் பற்றித் தெரிந்தவரிடம் தரவுத்தளம் பற்றிக் கேளுங்கள்.

அரங்குக்குள்

2018இல் வெளியான ஓர் ஆய்வு 10 நாடுகளின் 35 கல்வி நிறுவனங்களில் 247 கருத்தரங்குகளைக் கவனித்தது. கேள்வி கேட்பதில் ஆண்களைவிடப் பெண்கள் இரண்டரை மடங்கு பின்தங்கியிருந்தார்கள். முதல் கேள்வியை ஆண் கேட்ட இடங்களில் இந்த இடைவெளி இன்னும் கூடியது. ஆகவே நெறியாளருக்கு ஒரு வேலை உண்டு. முதல் கேள்விக்குக் கையை உயர்த்தியவர்களை நன்றாகப் பார்த்து, பெண் யாராவது கை தூக்கியிருந்தால் அங்கே முதலில் மைக்கைக் கொடுக்க வேண்டும். பேச்சு முடிந்ததும் இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டுப் பிறகு கேள்விக்குப் போனால், தயங்குபவருக்குத் தன் கேள்வியைச் சொல்லிப்பார்க்க நேரம் கிடைக்கும். தாளில் எழுதிக் கொடுப்பதும் நல்ல வழிதான்.

பயிற்சிப் பட்டறையில் அடிக்கடி கெடுவது விசைப்பலகை. உதவ வரும் தன்னார்வலர் "கொஞ்சம் தள்ளுங்க" என்று தானே தட்டச்சு செய்து முடித்துவிட்டுப் போய்விடுவார். கற்க வந்தவருக்கு எதுவும் புரிந்திருக்காது, தன்னால் முடியாது என்பது மட்டும் உறுதியாகியிருக்கும். பயிற்றுநர் பிறர் கணினியைத் தொடக்கூடாது, விரலால் காட்டி வாயால் சொல்லலாம் என்று தொடக்கத்திலேயே விதி சொல்லுங்கள். பெண்களுக்கு நிரல் எழுதக் கற்றுத்தர 2014இல் பெர்லினில் தொடங்கிய ஜாங்கோ கேர்ல்ஸ் பட்டறைகளில் மூன்று பேருக்கு ஒரு பயிற்றுநர் என்பது கணக்கு. மென்பொருள் நிறுவும் வேலையை முந்தைய மாலையே முடித்துவிடுவார்கள். பழைய கணினியோடு வருபவரின் முற்பகல் முழுதும் நிறுவலிலேயே வீணாவது நம் பட்டறைகளில் வழக்கம். அண்ணனின் பழைய கணினியோடு வருவது பெரும்பாலும் தங்கைதான்.

நிரலாளர்கள் கூடிக் கற்கும் நியூயார்க்கின் ரிகர்ஸ் சென்டர் தன் சமூக விதிகளில் ஒன்றாக வைத்திருப்பது, ஒருவருக்கு ஒன்று தெரியவில்லை என்றால் வியந்ததுபோல் காட்டாதே என்பது. "என்னது, கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) தெரியாதா?" என்பதில் கற்பிப்பது எதுவும் இல்லை. இடைவேளையில் வட்டமாக நிற்கும்போது எப்போதும் ஒருவர் நுழைய இடம் விட்டு நில்லுங்கள், ஒருவர் வந்து நின்றதும் மறுபடி இடம் விடுங்கள் என்பது எரிக் ஹோல்ஷர் என்ற நிரலாளர் சொன்ன பேக்மேன் விதி. செலவில்லாத விதி, இரண்டு கூட்டத்தில் பழகிவிடும். "நீங்க ஹெச்.ஆரா?", "யார்கூட வந்தீங்க?" என்று தொடங்காமல் "எதில் வேலை செய்றீங்க?" என்று தொடங்குங்கள். ஆண்களை "சார்" என்றும் பெண்களை "ஏம்மா, நீ" என்றும் அழைக்கும் பெரியவர்கள் இருப்பார்கள், அவர்களிடம் கூட்டத்துக்கு முன்பே தனியாகச் சொல்லிவிடுங்கள்.

மாணவர்களுக்கான அரசு நிரல் போட்டியான ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் ஆறு பேர் கொண்ட குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதி ஆயிரக்கணக்கான மாணவிகளுக்குக் கதவைத் திறந்தது. அதே சமயம், விதிக்காகச் சேர்க்கப்பட்டவளிடம் பிபிடி வேலையை மட்டும் கொடுத்துவிடும் பழக்கமும் வளர்ந்தது. கல்லூரியளவில் ஹேக்கத்தான் நடத்துபவர்கள் இதைத் தடுக்கலாம்: நடுவர்கள் ஒவ்வொரு உறுப்பினரிடமும் அவர் எழுதிய பகுதியைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும், அதற்கு மதிப்பெண்ணும் வைக்க வேண்டும். 36 மணி நேரம் தொடர்ந்து நடத்துவதற்குப் பதிலாகக் காலை 9 முதல் மாலை 5 வரை இரண்டு நாள் நடத்தினால் விடுதிச் சிக்கலும் தீரும். தூங்காமல் எழுதிய நிரல் நல்ல நிரல் என்று யாரும் நிரூபித்ததில்லை.

புகார் வந்தால்

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாநாடுகளில் நடந்த அத்துமீறல்கள் வெளிவரத் தொடங்கிய பிறகே நடத்தை விதிகள் பரவின. 2011 முதல் 2015 வரை இயங்கிய அடா இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு மாதிரி விதிகளைப் பரப்பியது. 2012 நவம்பரில் பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை, நடத்தை விதி இல்லாத மாநாட்டுக்கு நிதி தருவதில்லை என்று முடிவு செய்ததும் தயங்கியவர்களும் எழுதினார்கள். அப்படி அவசரத்தில் எழுதிய விதிகளின் நகல்கள்தான் இன்றும் பல பக்கங்களில் ஆங்கிலத்தில் கிடக்கின்றன. யாரிடம் சொல்வது என்ற வரி அவற்றில் இல்லை. அப்படி ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தாலும், அதற்கு எழுதுவது ஏற்பாட்டாளர்கள் அனைவருக்கும் போகும், புகாருக்கு உள்ளானவர் உட்பட.

தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள். தொடுதல், உடல் பற்றிய பேச்சு, மறுத்த பிறகும் தொடர்பு கொள்வது, அனுமதியின்றிப் படமெடுப்பது, சாதியை வைத்து இழிவுசெய்வது என்று செயல்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். "கண்ணியமாக நடந்துகொள்ளவும்" என்ற வரி எதையும் தடுக்காது. புகார் பெற இரண்டு பேர், ஒருவராவது பெண். ஏற்பாட்டுக் குழுவில் இல்லாத மூன்றாவது ஒருவரின் எண்ணும் இருக்க வேண்டும், புகார் ஏற்பாட்டாளர் மீதே வரலாம் அல்லவா. இந்த எண்களை நுழைவு அட்டையின் பின்புறத்திலும் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டுங்கள். தொடக்க உரையில் அந்த இருவரையும் எழுந்து நிற்கச் சொல்லி முகத்தைக் காட்டுங்கள்.

புகார் வந்ததும் தனி இடத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். யார், எங்கே, எப்போது, என்ன நடந்தது, இப்போது அவருக்கு என்ன வேண்டும் என்று அவர் சொற்களிலேயே எழுதி, படித்துக் காட்டுங்கள். ஆதாரம் எங்கே என்று கேட்காதீர்கள். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துச் சமாதானம் பேசாதீர்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்து வழக்கம் இங்கே கெடுதலையே செய்யும். என்ன தண்டனை என்று அவரையே முடிவு செய்யச் சொல்லவும் கூடாது, அது குழுவின் பொறுப்பு. அன்றைய நாள் முடிவதற்குள் ஒரு இடைக்கால முடிவு எடுங்கள்: எச்சரிக்கை, அரங்கிலிருந்து அனுப்புவது, இனி வரக்கூடாது என்பது. முடிவைப் புகார் கொடுத்தவருக்குச் சொல்லுங்கள். பெயர்கள் குழுவுக்கு வெளியே போகக்கூடாது. "நல்ல பையன், ரொம்ப வேலை செய்வான்" என்பதற்காக விட்டுவிட்ட ஒரு குழு, அவன் செய்த வேலையைவிட அதிகமான வேலையைச் செய்திருக்கக்கூடியவர்களைச் சத்தமில்லாமல் இழந்திருக்கும்.

சட்டமும் இங்கே நுழைகிறது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில், வேலை நிமித்தமாகப் போகும் இடமும் பணியிடம்தான். நிறுவனம் அனுப்பி வந்தவர் தன் நிறுவனத்தின் உள்ளகப் புகார்க் குழுவை அணுகலாம். எழுத்துமூலப் புகாருக்கு 3 மாதம் கெடு, தக்க காரணம் இருந்தால் மேலும் 3 மாதம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கு மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு. கல்லூரிகளிலும் 2015ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அரங்கு வாங்கும்போதே அதன் தலைவர் யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 18 வயது நிறையாத மாணவி என்றால் போக்சோ சட்டம் பொருந்தும், தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். உங்கள் குழுவின் விசாரணை இவற்றுக்கு மாற்று ஆகாது. காவல் நிலையம் போக வேண்டும் என்று புகார் கொடுத்தவர் சொன்னால் கூடவே ஒருவர் போக வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181.

இரண்டாவது முறை

பெண்களுக்கு மட்டுமான கூட்டங்கள் தேவையா என்ற கேள்வி எப்போதும் எழும். தேவைதான். பைத்தானில் நிரல் எழுதும் பெண்களுக்காக 2011இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய பைலேடீஸ் குழு இன்று பல நாடுகளில் இயங்குவதற்குக் காரணம், கேள்வி கேட்டால் சிரிக்கமாட்டார்கள் என்ற உறுதி அங்கே கிடைப்பது. ஆனால் அது பொதுக்கூட்டத்தைத் திருத்தாமல் விடுவதற்குச் சாக்காகிவிடக்கூடாது. வேலைவாய்ப்பும் பரிந்துரைகளும் புழங்குவது பெரும்பாலும் பொதுக்கூட்டத்தில்தான். ஆகவே தனிக்கூட்டம் முடியும்போதே அடுத்த பொதுக்கூட்டத்துக்கு நான்கைந்து பேரைச் சேர்த்தே பதிவு செய்யவையுங்கள். அன்று ஒருவராவது ஐந்து நிமிடக் குறும்பேச்சு கொடுக்கட்டும்.

முதல் முறை வந்தவருக்கு 48 மணி நேரத்துக்குள் ஒரு பொது மின்னஞ்சல் முகவரியிலிருந்து இரண்டே கேள்விகள்: எது உதவியது, எதனால் மறுபடி வரத் தயங்குவீர்கள். பெயர் சொல்லாமல் பதில் தரும் வசதி இருக்கட்டும். மூன்று முறை வந்தவரிடம் பொறுப்புக் கொடுங்கள். அந்தப் பொறுப்பு தேநீரும் பதிவு மேசையுமாக இருக்கக்கூடாது. பேச்சாளர் தேர்வு, வங்கிக் கணக்கு, அரங்கு பேச்சுவார்த்தை, நிரல் களஞ்சியத்தின் நிர்வாக உரிமை என்று முடிவெடுக்கும் இடங்களில் ஒன்றாக இருக்கட்டும். முதல் இரண்டு கூட்டங்களுக்குப் பழையவர் ஒருவர் கூட இருப்பார், மூன்றாவதிலிருந்து கடவுச்சொற்கள் உட்பட எல்லாம் புதியவரிடம். ஆறாம் படியில் எண்ணும்போது பொறுப்பில் இருக்கும் பெண்களின் எண்ணிக்கையோடு, அவர்களில் எத்தனை பேரிடம் அந்தக் கடவுச்சொற்கள் இருக்கின்றன என்பதையும் எண்ணுங்கள்.